பங்காளியான பத்திரிகையாளர்

2010-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் வாடகைக் கார் பிடிப்பது பெரும்பாடு. கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால் கறுப்புக் கார் வாசலில் வந்து நிற்கும் என்று சொல்லிக்கொண்டு ஒரு சின்ன நிறுவனம் முதலீடு தேடி அலைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதன் பெயர் ஊபர்கேப். முழு நிறுவனத்துக்கும் சுமார் 50 லட்சம் டாலர் என்று விலைபோட்டு நடந்த அந்த ஆரம்பச் சுற்றில் 25,000 டாலர் போட்டவர், பத்திரிகையாளராகத் தொழிலைத் தொடங்கிய ஜேசன் காலகானிஸ். 2019 மே மாதம் ஊபர் பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 45 டாலர். நிறுவனத்தின் மொத்த மதிப்பு 8,200 கோடி டாலருக்கும் மேல். ஒன்பது ஆண்டுகளில் புதிய முதலீட்டுச் சுற்றுகள் ஒவ்வொன்றும் பழைய பங்குகளை நீர்க்கச் செய்திருக்கும், அதாவது பழைய பங்குதாரரின் சதவீதத்தைக் குறைத்திருக்கும். அதைத் தாராளமாகவே கழித்துவிட்டாலும் போட்ட பணம் ஆயிரக்கணக்கான மடங்காகியிருக்கிறது.

வெறும் ஆயிரம் மடங்கு என்று குறைத்து வைத்துக்கொள்வோம். 25,000 டாலர் 2.5 கோடி டாலராகிறது. இந்தத் தொகையை நான் எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. காலகானிஸ் அதற்கு முன்பு வெப்லாக்ஸ் இன்க் என்ற வலைப்பதிவு நிறுவனத்தை நிறுவி, இரண்டு ஆண்டுகள் நடத்தி, 2005-இல் விற்றார். அப்போது வெளியான செய்திகளின்படி அதன் விலை ஏறத்தாழ 2.5 கோடி டாலர். எண்பதுக்கும் மேற்பட்ட வலைப்பதிவுகள், அவற்றில் இரவு பகலாக எழுதியவர்கள், லட்சக்கணக்கான வாசகர்கள் எல்லாம் சேர்ந்து ஈட்டிய விலையை ஒற்றைக் காசோலை தொட்டுவிட்டது, அதுவும் நாம் குறைத்துப் போட்ட கணக்கிலேயே. டிஜிட்டல் ஊடகத்தில் தொழில் தொடங்கியவர்கள் பலர் ஏன் முதலீட்டாளராக மாறினார்கள் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடைக்காது. ஆனால் அந்தக் காசோலையை எழுதும் இடத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

பதினாறு பக்கப் பிரதி

காலகானிஸ் புரூக்ளினில் வளர்ந்தவர். ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார். 1996-இல் 'சிலிக்கான் ஆலி ரிப்போர்ட்டர்' என்ற இதழைத் தொடங்கியபோது அது பதினாறு பக்கங்கள் கொண்ட நகலெடுத்த தாள்கட்டு. மேற்குக் கரையில் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றால், நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் முளைத்த இணைய நிறுவனங்களுக்குச் சிலிக்கான் சந்து என்று ஒரு கிண்டல் கலந்த பெயர் இருந்தது. அந்தச் சந்தின் செய்தித்தாளாக அந்த இதழ் தன்னை நிறுத்திக்கொண்டது. யார் புதிதாகத் தொடங்குகிறார், யார் பணம் போட்டார், யார் யாரை விட்டுப் பிரிந்தார் என்பதுதான் செய்தி. இணைய மோகம் ஏற ஏற, இதழ் முந்நூறு பக்கம் வரை தடித்தது.

இந்த இதழின் உண்மையான வியாபாரம் கட்டுரைகளில் இல்லை என்பது என் கருத்து. ஆண்டுதோறும் அது ஒரு பட்டியல் வெளியிட்டது: சிலிக்கான் சந்தின் முக்கியமான நூறு பேர். அதோடு மாநாடுகளும் விருந்துகளும் உண்டு. பட்டியலில் இடம்பெற விரும்புகிறவர் ஆசிரியரோடு பழகுவார். பழகுகிறவர் தன் திட்டத்தைச் சொல்வார். அதைக் கேட்கிறவருக்கு ஊரில் எவருக்கும் முன்னால் விஷயம் தெரியும். பின்னாளில் முதலீட்டாளர்கள் 'டீல் ஃப்ளோ' என்று அழைக்கும் வாய்ப்புகளின் வரத்து அப்போதே அந்த அலுவலகத்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அதை விளம்பரமாகவும் மாநாட்டு டிக்கெட்டாகவும் மட்டுமே காசாக்க முடிந்தது.

2000 மார்ச் 10 அன்று, தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் சந்தையின் குறியீடு 5,048 புள்ளிகளில் உச்சம் தொட்டது. 2002 அக்டோபரில் அது 1,114-க்கு விழுந்திருந்தது. விளம்பரம் கொடுத்த நிறுவனங்கள் இதழுக்கு முன்பே செத்தன. 'வென்ச்சர் ரிப்போர்ட்டர்' என்று பெயர் மாற்றி, துணிகர முதலீட்டுச் செய்திகளுக்குத் திரும்பி, கடைசியில் டவ் ஜோன்ஸ் நிறுவனத்திடம் கைமாறியது. செய்தி எழுதுகிறவரும் செய்திக்குரியவரும் ஒரே படகில் இருந்தால், கவிழும்போது இருவரும் சேர்ந்துதான் நனைகிறார்கள். படகு மிதந்தபோது கிடைத்த லாபம் மட்டும் ஒரு பக்கத்துக்கே போனது.

சம்பளமா, பங்கா

2003-இல் பிரையன் ஆல்வியுடன் சேர்ந்து வெப்லாக்ஸ் இன்க் தொடங்கினார். கோடீஸ்வரத் தொழிலதிபர் மார்க் கியூபன் பணம் போட்டார். ஒவ்வொரு துறைக்கும் ஒரு வலைப்பதிவு: கார்களுக்கு ஆட்டோபிளாக், வீடியோ விளையாட்டுகளுக்கு ஜாய்ஸ்டிக். இவற்றுள் தலையாயது 2004 மார்ச்சில் மின்னணுக் கருவிகளுக்காக வந்த எங்கேஜெட். அதை எழுதத் தொடங்கிய பீட்டர் ரோஜாஸ் அதற்கு முன் நிக் டென்டனின் காக்கர் என்ற வலைப்பதிவுக் குழுமத்தில், அதே துறைக்கான கிஸ்மோடோ தளத்தை எழுதி வளர்த்தவர். டென்டன் கூலி கொடுத்தார். காலகானிஸ் நிறுவனத்தில் பங்கு தருவதாகச் சொன்னார். ரோஜாஸ் இடம் மாறினார். இந்தச் சின்னச் சம்பவத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். எழுதத் தெரிந்தவருக்கு எதைக் கொடுத்தால் வருவார் என்பதைக் காலகானிஸ் அப்போதே அறிந்திருந்தார். ஆனால் அந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மற்ற பெரும்பாலான பதிவர்களுக்குப் பதிவுக்குச் சில டாலர் என்ற கணக்கில்தான் கூலி.

வருமானத்தின் ஒரு முக்கியப் பகுதி கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரங்களிலிருந்து வந்தது. அதில் தினமும் எவ்வளவு வருகிறது என்பதைக் காலகானிஸ் பொதுவெளியிலேயே எழுதினார்; ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தொடவேண்டும் என்பது இலக்கு. பத்து லட்சத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 2,740 டாலர். இத்தனை ஆர்ப்பாட்டமும் அதற்காகத்தான். வாசகரின் கவனத்துக்குச் சந்தை கொடுக்கும் விலை எவ்வளவு சொற்பம் என்பதற்கு இந்த வகுத்தலே போதும்.

2005 அக்டோபரில் ஏஓஎல் வாங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே இணைய இணைப்பு விற்றுக் கொழித்த அந்த நிறுவனத்தின் சந்தாதாரர்கள் அகலக்கற்றைக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. சந்தா போனால் விளம்பரம். விளம்பரத்துக்குப் பக்கங்கள் வேண்டும். பக்கங்களுக்கு எழுதுகிறவர்கள் வேண்டும். இதே கணக்கில் 2010-இல் டெக்கிரஞ்ச் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தையும், 2011-இல் 31.5 கோடி டாலருக்கு ஹஃபிங்டன் போஸ்ட் என்ற செய்தித் தளத்தையும் ஏஓஎல் வாங்கியது. மூன்று விற்பனைகளிலும் பணம் பெற்றவர்களில் பலர் பின்னால் முதலீட்டாளர் ஆனார்கள். ஒரு தலைமுறை ஊடகத் தொழில்முனைவோரின் முதலீட்டு முதலுக்கு ஊற்றுக்கண் அந்தத் தேய்ந்துகொண்டிருந்த நிறுவனத்தின் கஜானா. வாங்கியவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டால் நல்ல பதில் இல்லை.

ஏஓஎல்லில் காலகானிஸ் ஓராண்டுதான் நிலைத்தார். அங்கிருந்து 2006 இறுதியில் செக்கோயா கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு வந்து, 2007-இல் மஹாலோ என்ற தேடுதளத்தைத் தொடங்கினார். இயந்திரம் தேடித் தருவதைவிட மனிதர்கள் கைப்படத் தொகுத்த பக்கம் மேலானது என்பது அடிப்படை. யோசனை மோசமில்லை. ஆனால் அந்தப் பக்கங்களுக்கு வாசகர்கள் வந்த வழி எது? கூகுள்தான். 2011 பிப்ரவரியில் பாண்டா என்று பெயரிட்ட மாற்றத்தைக் கூகுள் தன் வரிசைப்படுத்தலில் செய்தது; தேடலுக்காகவே தயாரித்த பக்கங்கள் கீழே தள்ளப்பட்டன. மஹாலோவின் வருகை சரிந்தது, ஆட்குறைப்பு வந்தது. அடுத்தவன் நிலத்தில் வீடு கட்டினால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது ஒருநாள் தெரிந்துவிடும். அதன் பின் அவர் எழுப்பிய செய்திச் செயலியும் பெரிதாக எடுபடவில்லை.

கேட்பவர் கூட்டம் முதலாகும் விதம்

தொழில்முனைவோராகத் தோற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அவரது முதலீட்டு வாழ்க்கை தொடங்கியது. 2009 வாக்கில் செக்கோயா, 'ஸ்கவுட்' என்ற ஏற்பாட்டை அமைதியாகத் தொடங்கியது. நிறுவனர்களோடு நெருங்கிப் பழகும் சிலரிடம் சிறு தொகைகளைக் கொடுத்து, நல்ல நிறுவனம் கண்ணில் பட்டால் நீங்களே போடுங்கள், லாபத்தில் உங்களுக்கும் பங்குண்டு என்று சொல்வது. முதல் ஸ்கவுட்களில் ஒருவர் காலகானிஸ். புகழ்பெற்ற அந்த 25,000 டாலர் அந்த வழியில் வந்த பணம். அதாவது, அவர் கொண்டுவந்தது பணத்தை அல்ல, அறிமுகத்தை. பணம் எங்கும் கிடைக்கும். எந்த நிறுவனம் வளரப்போகிறது என்பதை அது வளராதபோதே கேள்விப்படுவதும், நிறுவனர் நம் அழைப்பை எடுப்பதும்தான் அரிது.

அந்த அரிய பொருளை அவர் திட்டமிட்டே சேர்த்தார். 2007-இல் டெக்கிரஞ்சின் மைக்கேல் அர்ரிங்டனுடன் சேர்ந்து, புதிய நிறுவனங்கள் கட்டணமின்றி மேடையேறும் மாநாட்டை நடத்தினார். 2009-இல் 'திஸ் வீக் இன் ஸ்டார்ட்அப்ஸ்' என்ற ஒலிபரப்பைத் தொடங்கினார். நிறுவனர்களிடம் காசு வாங்கிக்கொண்டு முதலீட்டாளர் முன் பேசவிடும் வழக்கத்தை எதிர்த்து, 'ஓப்பன் ஏஞ்சல் ஃபோரம்' என்ற இலவசக் கூட்டத்தை ஏற்படுத்தினார். ஊபரின் இணை நிறுவனர் டிராவிஸ் கலானிக் பேசிய மேடைகளில் அதுவும் ஒன்று. தார்மிகக் கோபமும் வியாபார நலனும் இவ்வளவு அழகாக ஒத்துப்போவது எப்போதாவதுதான் நடக்கும்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் தனியார் நிறுவனப் பங்குகளை வாங்குவது பெரும்பாலும் தகுதிபெற்ற முதலீட்டாளர்களுக்கு உரியது. குடியிருக்கும் வீடு நீங்கலாகப் பத்து லட்சம் டாலர் சொத்து, அல்லது தனியாள் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் என்பது அதன் பிரதான அளவுகோல். இப்படிப்பட்ட பங்கு விற்பனையைப் பொதுவெளியில் விளம்பரப்படுத்தவும் நீண்டகாலம் தடை இருந்தது. 2012-இல் வந்த ஜாப்ஸ் சட்டத்தின் தொடர்ச்சியாக, வாங்குபவர் தகுதி சரிபார்க்கப்பட்டால் விளம்பரம் செய்யலாம் என்ற விதி 2013 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதே மாதம், புதிய நிறுவனங்களையும் முதலீட்டாளர்களையும் இணைக்கும் ஏஞ்சல்லிஸ்ட் தளம் 'சிண்டிகேட்' முறையை அறிமுகப்படுத்தியது: ஒருவர் முன்னின்று ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பார், பின்தொடர்பவர்கள் சிறுசிறு தொகை போடுவார்கள், லாபத்தில் ஒரு பங்கு முன்னின்றவருக்கு.

இந்த மாற்றம் யாருக்காக வந்ததோ தெரியாது. பலன் ஏற்கெனவே ஒலிவாங்கி வைத்திருந்தவர்களுக்குப் போனது. வங்கி முதலீட்டாளருக்கு வாடிக்கையாளர் பட்டியல் உண்டு, கேட்பவர் கூட்டம் கிடையாது. வாரந்தோறும் பல்லாயிரம் பேர் காதில் பேசும் காலகானிஸுக்கு அந்தக் கூட்டமே முதலாக மாறியது. முன்பு அதே கவனத்தை நாளுக்கு 2,740 டாலர் என்று விற்கப் பாடுபட்டவர் அவர். ஏஞ்சல்லிஸ்ட்டில் பெரிய சிண்டிகேட்களில் ஒன்றை நடத்தி, பிறகு தனியாக அமைத்துக்கொண்டார். அவர் ஆரம்பத்தில் பணம் போட்ட நிறுவனங்களில், பங்கு வர்த்தகச் செயலியான ராபின்ஹுட் 2021-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. தியானச் செயலியான காம் 2019-இல் நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. மற்றவை? பெரும்பாலானவை கரைந்துபோகும் என்பதை இந்தத் தொழிலில் யாரும் மறைப்பதில்லை. நூற்றில் ஒன்றிரண்டு மற்ற எல்லாவற்றின் நஷ்டத்தையும் அடைத்து மிச்சமும் தரவேண்டும். விளம்பரத் தொழிலில் ஒரு கட்டுரை எவ்வளவு பிரமாதமாக ஓடினாலும் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பங்குக்கு அது கிடையாது.

முதலீட்டு நிதி நடத்துகிறவருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வழக்கமான ஏற்பாட்டில், திரட்டிய பணத்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம். லாபத்தில் 20 சதவீதம் பங்கு. பத்தாண்டு காத்திருக்கும் தொழிலில் மாதச் சம்பளமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஊடகம் நடத்தியவர்களுக்கு அந்த நிம்மதி ஒருபோதும் வாய்த்ததில்லை.

வேறு மூவர், வேறு வழிகள்

அர்ரிங்டனின் கதை இன்னும் வெளிப்படையானது. 2011 செப்டம்பரில், டெக்கிரஞ்ச் ஆசிரியராக இருந்தபடியே 2 கோடி டாலரில் கிரஞ்ச்ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்குவதாகச் செய்தி வந்தது. அதில் ஒரு கோடி ஏஓஎல்லின் பணம். பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தைப் பற்றி அந்தப் பங்குதாரரே செய்தி வெளியிடலாமா என்ற கேள்வி பத்திரிகை உலகில் வெடித்தது. ஏஓஎல்லின் உள்ளடக்கப் பிரிவுக்கு அப்போது தலைமை தாங்கியவர் அரியானா ஹஃபிங்டன். சில நாட்களில் அர்ரிங்டன் தன் சொந்தத் தளத்திலிருந்தே வெளியேறினார். அவர் செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; ஆனால் அவர் தன் பங்குகளைச் சொல்லிவிட்டுச் செய்தார். சொல்லாமல் நட்புக்காக எழுதியவர்கள் யாரும் வெளியேறவில்லை.

டெல்லியில் பிறந்து, 1993-இல் நியூயார்க் போன ஓம் மாலிக் வேறு மாதிரி. வேதியியல் படித்து எழுத்துக்கு வந்தவர். தன் தொழில்நுட்பச் செய்தித் தளமான கிகாஓமை 2006-இல் முழுநேர நிறுவனமாக்கியபோது அதில் பணம் போட்டது ட்ரூ வென்ச்சர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம். 2007 டிசம்பரில், 41 வயதில், மாலிக்குக்கு மாரடைப்பு வந்தது. மறு ஆண்டு ட்ரூ வென்ச்சர்ஸில் பகுதிநேரமாகச் சேர்ந்தார். 2014-இல் முழுநேரப் பங்குதாரர் ஆனார். 2015 மார்ச்சில் கடன்காரர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் கிகாஓம் ஒரே நாளில் மூடப்பட்டது. வேகமாகப் பெருகியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தோடு வரும் பணம், நிதானமாக எழுதும் ஒரு தளத்துக்குச் சரியான பணமல்ல. தன் நிறுவனத்தில் முதலீட்டாளராக வந்தவர்களோடு போய் மாலிக் சேர்ந்தார், நிறுவனம் மூழ்கியது. இதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, ஆனால் மனம் கனக்கிறது.

ஹஃபிங்டன் போஸ்ட்டின் இணை நிறுவனர் கென் லெரர் 2010-இல் மகன் பென் லெரருடன் தொடங்கிய நிதி, எரிக் ஹிப்போ சேர்ந்தபின் லெரர் ஹிப்போ என்றானது. இவர்களுடைய முதலீடுகளில் மூக்குக் கண்ணாடி விற்கும் வார்பி பார்க்கர், மெத்தை விற்கும் காஸ்பர் போன்ற பெயர்கள் நிறைய. ஊடகக்காரர்கள் மெத்தையை ஏன் தேடிப் போனார்கள் என்று முதலில் வியப்பாக இருக்கும். கடை வைக்காமல், சமூக ஊடகங்களில் கவனத்தை வாங்கி, நேரடியாகப் பொருள் விற்பவை இவை. எந்தத் தலைப்பை யார் சொடுக்குவார் என்று ஹஃபிங்டன் போஸ்ட்டில் பயின்ற பாடம் அப்படியே இங்கே கைகொடுத்தது. கவனத்தை விளம்பரதாரரிடம் மறுவிற்பனை செய்வதற்குப் பதில், அதை வாங்கிப் பொருளாக விற்கும் பக்கத்துக்கு மாறினார்கள்.

கேட்பவருக்கு என்ன ஆயிற்று

இலங்கையில் பிறந்த சமத் பலிஹபிட்டியா, டேவிட் சாக்ஸ், டேவிட் ஃப்ரீட்பெர்க் ஆகியோருடன் காலகானிஸ் 2020-இல் தொடங்கிய 'ஆல் இன்' ஒலிபரப்பு, அவருடைய வேறெந்த ஊடக முயற்சியையும்விடப் பெரிதாக வளர்ந்தது. நால்வருமே முதலீட்டாளர்கள். செய்தியாளர் கேட்கவேண்டிய கேள்வியை முதலீட்டாளர் தன் நண்பரிடம் கேட்கிறார். நண்பர் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார். சுவாரசியமாக இருக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் எந்தச் சொல் எந்த நிறுவனத்தின் பங்குக்காக என்பதைக் கேட்பவர் தானே ஊகித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

2022 செப்டம்பரில், ட்விட்டர் விற்பனை தொடர்பான வழக்கில், அதை வாங்க ஒப்புக்கொண்டிருந்த ஈலான் மஸ்க்கின் குறுஞ்செய்திகள் நீதிமன்ற ஆவணமாக வெளிவந்தன. அவற்றில் காலகானிஸ் அனுப்பியவையும் இருந்தன: யோசனைகள், விசுவாச உறுதிமொழிகள். அந்தப் பேரத்தில் சேரக் கூட்டு முதலீட்டு அமைப்பு ஒன்றை அவர் வெளியாரிடம் விளம்பரப்படுத்துவதாகக் கேள்விப்பட்டு மஸ்க் கடிந்துகொண்டதும் இருந்தது. மறு ஆண்டு மார்ச் 9 அன்று சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வைப்பாளர்கள் முண்டியடித்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. அந்த வார இறுதியில் காலகானிஸ் முழுக்கப் பெரிய எழுத்துகளில் அலறிய பதிவுகள் பரவலாகக் கேலிக்குள்ளாயின. அவர் பணம் போட்ட இளம் நிறுவனங்கள் போன்றவை எத்தனையோ அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தன. ஞாயிறு மாலை எல்லா வைப்புகளுக்கும் அரசு உத்தரவாதம் அளித்தது. எச்சரித்தவர் பத்திரிகையாளரா, அக்கறையுள்ள பங்குதாரரா? இரண்டு வேலையையும் ஒரே வாயால் செய்கிறவரிடம் அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காது.

பங்கு கேட்டு இடம் மாறிய பீட்டர் ரோஜாஸ் பின்னால் என்ன ஆனார்? இன்னொரு கருவிகள் தளத்தை நிறுவி, அதையும் 2013-இல் ஏஓஎல்லிடம் விற்றார். பிறகு நியூயார்க்கின் பீட்டாவொர்க்ஸ் வென்ச்சர்ஸில் பங்குதாரராக அமர்ந்து, புதிய நிறுவனங்களுக்குக் காசோலை எழுதினார். ஜாய்ஸ்டிக்கை ஏஓஎல் 2015-இன் தொடக்கத்தில் மூடியது. பதிவுக்குச் சில டாலர் என்று எழுதியவர்கள் வேறு வேலை தேடினார்கள்.